அக்கா திறந்துவிட்ட பங்களா

எங்கள் அக்கா பரமபதம் அடைந்து ஓராண்டு நிறைகிறது. வருஷாப்திகத்துக்கு வந்து, நாங்கள் அச்சிட்டுக் கொடுத்த இந்தச் சின்ன மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். சொல்கிறேன். ஆனால் அவரோடு அதிகம் சண்டை போட்டவன் நான். அதையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

மேல்கோட்டையில் பிறந்த அக்கா பதினான்கு வயதில் கணவரை இழந்து, மைசூரில் எங்களிடமே திரும்பினார். ஊர் வாய்க்கு அஞ்சாமல் அப்பா அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். படித்து ஆசிரியையானார். அப்பா காலமான பின் என்னை ஆளாக்கியவரும் அவர்தான். மாலையில் ஓர் ஆங்கிலேய டாக்டரம்மாவுக்குக் கன்னடம் சொல்லிக்கொடுக்கப் போவார். விக்டோரியா ராணி காலத்தில் அந்த அம்மாளின் தகப்பனார் கட்டிய பங்களா அது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், பியானோ, ஆளுயரக் கடிகாரம்! சுதந்திரம் வந்ததும் சீமைக்குக் கிளம்பிய டாக்டரம்மா, வீட்டைச் சாமான்களோடு அக்கா பெயருக்கு எழுதிவைத்துவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாங்கள் இருந்ததோ அக்ரஹாரத்தில் இரண்டே அறை கொண்ட வாடகை வீடு. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இனி பங்களாவில்தான் குடித்தனம் என்று உறவில் எல்லோரிடமும் அளந்துவிட்டேன். அக்காவோ, "அது ஊர் ஜனங்கள் வந்து பார்க்கற மியூசியம் ஆகப்போறதுடா. நாம அதுலே குடியிருக்கப் போறதில்லே" என்றார். மூன்று வாரம் நான் அவரோடு பேசவில்லை.

திறப்பு நாளன்று, என் பேச்சை நம்பிய அத்தை, கிருஹப்பிரவேசம் என்று நினைத்துப் பால் செம்போடு வந்து இறங்கிவிட்டார்! வாசலில் ஜட்கா வண்டிக்காரர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வரிசையாக நின்றார்கள்.

"என்னடி இது, ஊரே வந்திருக்கு?"

"ஊருக்குத்தானே அத்தை வீடு. நீங்க பாலைக் காய்ச்சுங்கோ" என்றார் அக்கா. எனக்கு மானம் போயிற்று.

இந்தியர் யாரும் முன்வாசலில் நுழைந்த வீடல்ல அது. அக்காவே பக்கக் கதவு வழியாகத்தான் போய்வந்தவர். கொள்ளேகாலத்திலிருந்து வந்து முப்பது வருஷம் அங்கே தோட்டவேலை பார்த்த பெரியவர், பழக்கத்தில் பின்பக்கம் போனார். அக்கா ஓடிப்போய் மறித்தார்.

"முன்னாலே வாங்கோ. நீங்கதான் முதல்லே உள்ளே போகணும்."

"காலெல்லாம் மண்ணுங்கம்மா."

"மண்ணைப் பெருக்கிக்கலாம். வாங்கோ."

அவர் தயங்கித் தயங்கி நுழைந்தார். டாக்டரம்மாவின் பீங்கான் கோப்பையில் முதல் பால் அவருக்குத்தான். அத்தை முகத்தைச் சுளித்தார்; சற்று நேரத்தில் அவரே எல்லோருக்கும் ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தார். வாசல் கேட் அருகில் முறைத்துக்கொண்டு நின்ற எனக்கும் ஒரு கோப்பை வந்தது. குடித்தேன். கோபம் மட்டும் போகவில்லை.

கல்யாணமாகி அதே வாடகை வீட்டில்தான் குடித்தனம் நடத்தினோம். அக்காவுக்கு மூச்சிரைப்பு முற்றியபோது, நல்ல காற்று வேண்டும் என்றார் டாக்டர். "இப்பவாவது பங்களா மாடியிலே போய் இரு, அக்கா" என்று கெஞ்சினேன்.

"அசடு! சாயங்காலமானா அங்கேதான் குழந்தைகள் புஸ்தகம் படிக்கறதுகள். என்னைப் படுக்கப் போட்டா அதுகள் எங்கேடா போகும்?"

எங்கள் சின்ன அறையிலேயே கண்ணை மூடினார்.

வேளை தவறாமல் வந்து பார்த்த டாக்டருக்கும், முறைபோட்டுக் கஞ்சி கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், கடைசிவரை கூடவே இருந்த தோட்டக்காரப் பெரியவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒன்று பாக்கி. அக்கா காது கேட்க நான் ஒரு தடவைகூடச் சொல்லாதது. உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இங்கே அச்சில் சொல்கிறேன்.

நீ செய்ததுதான் சரி, அக்கா.