இடது கால் இலவசம்

என் மனைவி மெர்சிக்குப் பிடிக்காத சத்தம் ஒன்று உண்டு. எதிர் வீட்டில் பார்சல் டேப் இழுக்கும் சத்தம். சர்ரென்று ஓர் இழுப்பு, டப்பென்று ஒரு வெட்டு. ஒவ்வொரு சர்ருக்கும் ஜாஸ்மினுக்கு ஓர் ஆர்டர் என்று அர்த்தம். மெர்சி அடுப்படியில் நின்றாலும் காது அங்கேதான் இருக்கும்.

"இன்னாங்க, போய் அவகிட்ட சொல்லுங்க. டேப்ப கொஞ்சம் மெதுவா இழுக்கட்டும். தல வலிக்குது."

"தலையா வலிக்குது? வயிறு எரியுதுன்னு சொல்லு" என்றேன். அன்று இரவு எனக்கு வெறும் ரசம் சோறுதான்.

இத்தனைக்கும் ஜாஸ்மினுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவளே மெர்சிதான். ப்ளஸ் டூ முடித்த கையோடு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையலுக்குச் சேர்ந்தவள் அவள். கை சுத்தமாக இருக்கிறதென்று சாம்பிள் ரூமில் உட்கார வைத்தார்கள். வெளிநாட்டு வியாபாரிக்கு மாதிரி காட்ட ஒற்றைக் கால் ஷூவை மட்டும் தைத்து அனுப்பும் இடம் அது. ஜாஸ்மின் பக்கத்து மெஷினுக்கு வந்த புதுப்பெண். ஊசி உடைந்தால் கண்ணில் தண்ணீரோடு "அக்கா" என்று திரும்புவாள். மெர்சிதான் மாற்றிக் கொடுப்பாள்.

சாம்பிள் ரூமை மூடியபோது இருவருமே வெளியே வந்தார்கள். வீட்டிலேயே மெஷின் போட்டு, பெண்களுக்கான தோல் செருப்பு தைத்து, வெளியூருக்குக் கூரியரில் அனுப்பலாம் என்ற யோசனையும் இருவருக்கும் வந்தது. "சேர்ந்து பண்ணலாம்கா" என்று ஜாஸ்மின் வந்து கேட்டாள். மெர்சிக்கு ரோஷம். "எங்கிட்ட கத்துக்கினவகூட நான் பங்கு போட்டுக்கணுமா?" என்று அவள் போன பிறகு என்னிடம் பொரிந்தாள்.

ஜாஸ்மின் போனில் ரீல்ஸ் போட ஆரம்பித்தாள். கொலுசுக் காலில் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு நாலு அடி நடப்பாள், அவ்வளவுதான். ஆர்டர் கொட்டியது. கூரியர்க்கார நவநீதன் வண்டியை அவள் வாசலில் நிறுத்திச் சாக்குச் சாக்காக ஏற்றுவான். பிறகு கையை வீசிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, "அக்கா, இன்னிக்கு எதனா இருக்குதா?" என்பான். அந்த 'எதனா'வுக்காகவே மெர்சி அவனுக்குத் தண்ணீர் கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

"நீயும் ரீல்ஸ் போடேன்" என்றேன்.

"அவ காலக் காட்டி விக்கிறா. எனக்கு அந்தப் பொழப்பு வாணாம்."

அப்படிச் சொன்னவள் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள். குதிகால் முழுக்க வெடிப்பு. ஒரு நாள் அவள் போனில் வேறெதையோ தேடியபோது ஒரு வீடியோ கண்ணில் பட்டது. மெர்சியின் கால், புதுச் செருப்பு, இரண்டே அடி. மறுநாள் பார்த்தால் அழித்திருந்தாள்.

பேப்பரில் வைத்து நோட்டீஸ் போடலாம் என்றேன். ஜாஸ்மின் போன வருஷமே போட்டாளாம். வாட்ஸ்அப் குரூப்? அதிலும் ஜாஸ்மின் இருக்கிறாளாம். ஜாஸ்மின் தொட்டதைத் தொடக்கூடாது என்பது ஒன்றுதான் மெர்சியின் விளம்பரக் கொள்கை. தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகவேண்டும் என்று நினைக்கிறவளிடம் என்ன பேசுவது?

இதற்கிடையில் பழைய கம்பெனியிலிருந்து போன் வந்தது. தையல் லைனில் ஓர் இடம் காலியாம். பொங்கல் கழிந்த திங்கட்கிழமை வந்து சேரலாம், இல்லையென்றால் வேறு ஆள். தோல் பதனிடும் டேனரியில் நான் வாங்கும் சம்பளத்தில் மட்டும் வீடு ஓடாது, போய்விடு என்றேன். மெர்சியின் முகம் செத்துப்போயிற்று. கம்பெனி பஸ் நிற்பது ஜாஸ்மின் வீட்டு வாசலில்.

"அவ டேப் இழுத்துக்கினே வேடிக்க பாப்பா. நான் டிபன் பாக்ஸோட பஸ் ஏறணுமா? அதுக்குப் பாலாத்துல விழலாம்."

"பாலாத்துல தண்ணி எங்க இருக்குது?" என்றேன். அதற்கும் ரசம்தான்.

மறுநாள் காலை அவளே எழுப்பினாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "ஃபாரின் பையருக்கு கம்பெனில இன்னா அனுப்புவோம்? ஒத்தக் கால்தானே? அதையே பண்ணலாம். இடது கால் இலவசம். போட்டுப் பாத்து புடிச்சிருந்தா காசு அனுப்பட்டும், வலது கால அனுப்பலாம். ஒத்தச் செருப்ப வச்சிக்கினு யாரும் ஏமாத்த முடியாது பாருங்க!"

எனக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நானும் தோல் வேலையில் வளர்ந்தவன்தானே. செருப்பு வாங்கும் சம்பளக்காரப் பெண்கள் யார் என்று யோசித்து, வாலாஜாபேட்டை, சோளிங்கர் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியைகளுக்கு இருபது இடது கால்கள் போயின. கம்பெனி வழக்கப்படி, விஷயமும் போன் நம்பரும் எழுதிய சீட்டைச் செருப்பின் அடியில் ஒட்டியிருந்தாள்.

முதல் போன் வாலாஜாபேட்டையிலிருந்து வந்தது.

"யாரும்மா நீ? ஸ்டாஃப் மீட்டிங்ல பார்சலைப் பிரிச்சா ஒத்தச் செருப்பு! என்னைச் செருப்பால அடிக்க உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? பியூன் ஸ்கேலால திருப்பிப் பாத்தப்புறம்தான் நம்பரே தெரிஞ்சுது. போலீசுக்குப் போகவா?"

அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. ஆம்பூரில் செருப்பு என்றால் சோறு. ஊர் எல்லையைத் தாண்டினால் அது அவமானம். பார்சலில் ஒற்றைச் செருப்பு வந்தால் யார் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கப்போகிறார்கள்? அடுத்தடுத்து வந்த போன்களில் மன்னிப்புக் கேட்டே மெர்சிக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

அதோடு முடியவில்லை. எந்தப் பள்ளியிலோ ஒரு சின்ன டீச்சர் அந்தச் செருப்பை மேஜைமேல் வைத்து, "ஆம்பூர்லேர்ந்து எங்க எச்எம்முக்கு வந்த பரிசு" என்று சிரித்துக்கொண்டே வீடியோ போட்டுவிட்டாள். அது ஊரெல்லாம் சுற்றியது. பார்த்த பெண்களுக்குச் செருப்பு பிடித்துவிட்டது. ஆம்பூர் செருப்பு என்று போனில் தேடினார்கள். தேடினால் யார் வருவாள்? ஜாஸ்மின்!

அன்று மாலையிலிருந்து எதிர் வீட்டில் டேப் சத்தம் ஓயவில்லை. மெர்சி ஜன்னலைச் சாத்தினாள். காதில் பஞ்சு வைத்தாள். கடைசியில் மெஷின்மேல் தலையைச் சாய்த்து அழுதாள். "என் செருப்புங்க. என் செருப்ப வச்சி அவளுக்கு ஆர்டரு." எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஜாஸ்மினே ரோட்டைக் கடந்து வந்தாள்.

"அக்கா, வீடியோல பாத்ததுமே தெரிஞ்சிக்கினேன். ஓரத்துல அந்த ரெட்டத் தையல் உங்க கைதான். எல்லாரும் அதே மாடல் கேக்குறாங்க. நானும் பிரிச்சி பிரிச்சி தச்சுப் பாத்துட்டேன், எனக்கு வரல. நீங்க தச்சுக் குடுங்கக்கா."

மெர்சிக்கு இரண்டே வழிதான். மாட்டேன் என்றால் திங்கட்கிழமை பஸ். சரி என்றால் ஜாஸ்மினுக்குத் தைத்துக் கொடுப்பவள். நான் மனசுக்குள் ஜெபம் பண்ணினேன்.

"தைக்கிறேன்" என்றாள் கடைசியில். "ஆனா பார்சல் எங்க வீட்லதான் கட்டணும். வண்டி எங்க வாசல்லதான் நிக்கணும்."

"இந்த மாடல்தானேக்கா? சரி."

"எல்லா மாடலும்."

ஜாஸ்மின் என்னைப் பார்த்தாள். "அண்ணா, இன்னா இது?" நான் கூலியைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். "நீங்க சும்மா இருங்க" என்றாள் மெர்சி. ஜாஸ்மின் சரியென்று தலையாட்டினாள்.

திங்கட்கிழமை விடியற்காலை கம்பெனி பஸ் வந்து எதிர் வாசலில் ஹாரன் அடித்தது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் ஏறவில்லை. மெர்சி ஜன்னலை அகலத் திறந்து வைத்து, முதல் பெட்டியை மடியில் வைத்து டேப்பை இழுத்தாள். சர்ர்ர்.

பஸ் போனதும் எதிர் ஜன்னல் திறந்தது.

"அக்கா, காலங்காத்தால டேப்ப கொஞ்சம் மெதுவா இழுக்கக் கூடாதா? தல வலிக்குது."

மெர்சி என் பக்கம் திரும்பினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து மாசக்கணக்கு ஆகியிருந்தது.

"தலையா வலிக்குதாம்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டுவிட்டு, அடுத்த பெட்டிக்கு இன்னும் நீளமாக இழுத்தாள்.

அன்று எனக்குக் கறிக்குழம்பு.