ரோஸ் சாயம் பூசிய தாய்ப்புறா

பறக்கிற ஜீவனுக்கு எதற்குப் பந்தயம்? இன்றைக்கும் யாராவது புறாப் பந்தயம் என்றால் எனக்கு வயிறு எரியும்.

நயா பைசா வந்த புதிது. பழைய அணாவுக்கு எத்தனை காசு என்று சந்தையில் கத்திரிக்காய்க்காரியோடு நான் கட்டிப் புரளாத குறை. அவள் என்னை ஏமாற்றினாளா, நான் அவளையா என்று இன்றுவரை தெரியாது. நினைத்தால் சிரிப்புதான். அது கிடக்கட்டும். என் வீட்டுக்காரர் அப்போது சின்னாளபட்டியில் சேலைக்குச் சாயம் போடும் பட்டறையில் இருந்தார். வேலை முடிந்து வந்தால் மொட்டை மாடியில்தான் குடித்தனம். அங்கே பலகை அடித்துப் புறாக்கூண்டு வைத்திருந்தார்.

எங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் போட்டி. புறாக்களைக் கூடையில் அடைத்து பஸ்ஸில் மணப்பாறைக்குக் கொண்டுபோய்த் திறந்துவிடுவார்கள். முதலில் வீடு சேர்வது ஜெயித்தது. இதில் ஒரு தந்திரம் வேறு: குஞ்சு வைத்திருக்கும் தாயாகப் பார்த்து அனுப்புவது. பிள்ளை பசித்துக் கிடக்குமே என்று அது உயிரைக் கொடுத்துப் பறந்து வருமாம். எந்தப் பாவி கண்டுபிடித்தானோ!

எங்கள் தாய்ப்புறாவுக்கு இரண்டு குஞ்சு. முந்தின பந்தயத்துக்குப் போன ஆண்புறா திரும்பவில்லை. தாய் மட்டுந்தான் இரை ஊட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் இவர் தூக்கினார்.

"ஏங்க, இதுவும் போச்சுன்னா குஞ்சுக்கு யாரு ஊட்டுவா? நீங்களா?"

"போடி கூறுகெட்டவளே! குஞ்சு இருக்கப்போயித்தான் பறந்து வரும்."

மாமியார் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "ஏலே, ஒன்னப் பெத்துப் போட்ட கையோட என்னைய மணப்பாறையில கொண்டுபோயி விட்டிருந்தா, நீ இம்புட்டு வளந்திருப்பியா?" என்றார்.

இவர் சிரித்தார். காதில் ஏறவில்லை.

அதோடு விட்டாரா? இரண்டு தெருப் புறாக்களும் வெள்ளை. தன்னுடையது தூரத்திலேயே தெரியவேண்டும் என்று, பட்டறையிலிருந்து ரோஸ் சாயம் கொண்டுவந்து இறக்கையில் பூசினார். கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறதாம்.

மறுநாள் தெருவே மாடியில் நின்றது. கிழக்கே வெள்ளைக் கூட்டம் வந்தது. நடுவில் ஒரே ஒரு ரோஸ்.

"அந்தா வருதுடி! இம்புட்டுத் தூரத்துலயே தெரியுது பாரு!" என்று குதித்தார்.

தெரிந்ததுதான். எங்கள் ஊர் மலைக்கோட்டைப் பாறையிலிருந்த வல்லூறுக்கும் தெரிந்தது. எல்லாம் வெள்ளையாக வந்திருந்தால் எதைப் பிடிப்பது என்று அது தடுமாறியிருக்கும். நேராக வந்து ரோஸை அடித்துத் தூக்கிக்கொண்டு போனது. அடுத்த தெருக்காரர்கள் விசில் அடித்தார்கள். அதற்கும் ஒரு விசில்!

நான் கம்பை ஊறவைத்து, பால்போல அரைத்து, குஞ்சுகளின் வாயைப் பிளந்து ஊட்டினேன். சின்னது பிழைக்கவில்லை. பெரியது பிழைத்து, இறக்கை முளைத்து, அடுப்படியில் என் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. அது தத்தி நடந்த அழகை என் பிள்ளைகளிடம்கூட நான் பார்த்ததில்லை.

ஒருநாள் காலை இவர் அதைப் பிடித்து இறக்கையை விரித்துப் பார்த்தார்.

"இது ஆகும்டி. இந்தத் தடவ நீலம் பூசுவோம். வானத்தோட வானமாப் போயிரும், வல்லூறுக்குக் கண்ணு தெரியாது."

அவர் சைக்கிளை மிதித்துப் போனதும் அரிவாளோடு மாடி ஏறினேன். மாமியார் பின்னாலேயே வந்து கூண்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு மூட்டுவலி, அன்றைக்கு அது எங்கே போனதோ. பலகை பலகையாகப் பிரித்து அடுப்பில் வைத்துச் சோறு பொங்கினோம்; குஞ்சு என் காலடியிலேயே நின்றது. தேக்கு. நன்றாக எரிந்தது.

சாயங்காலம் மாடியிலிருந்து சத்தம் வந்தது. "எங்கடி கூண்டு?"

"எறங்கி வாலே," என்றார் மாமியார். "ஒன் கூண்டுதான் வெந்து தட்டுல கெடக்கு. ஆறுறதுக்குள்ள சாப்புடு."

வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். கடைசியில், மெதுவாக, மோர் கேட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. வேண்டுமானால் தானே ஊற்றிக்கொள்ளட்டும்.