ஏற்றிய கண்ணாடி

பிக்கப் கதவின் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, மணல் புகுந்த ரப்பரில் உரசிக்கொண்டு கண்ணாடி ஏறும் கரகரப்புதான், ஷார்ஜாவில் கழிந்த என் சிறுவயதை நினைத்தால் முதலில் கேட்கிறது. அங்கே முவைலா பகுதியில் தண்ணீர் கேன் விநியோகிக்கும் ஒரு கம்பெனியில் வாப்பா டிரைவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் லோடு எடுக்கக் கிளம்பும்போது, வேறு ஊர்சுற்றல் எங்களுக்கு இல்லை என்பதால், உம்மாவும் நானும் முன்இருக்கையில் நெருக்கி உட்கார்ந்துகொள்வோம். ஏசி பெரும்பாலும் வேலை செய்யாது. ஆனாலும் டாஷ்போர்டில் மாட்டிய, ஸ்பீக்கரில் மட்டுமே கேட்கும் பழைய போனில் மேனேஜரின் பெயர் ஒளிர்ந்தால், ஸ்பீக்கரை அழுத்துவதற்கு முன் வாப்பா தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றுவார். உம்மாவிடம் “ஏத்து” என்பார்.

பிறகு அந்தக் கொதிக்கும் பெட்டிக்குள் இந்தியில் குரல் வரும். கேன் தாமதமானது பற்றி ஒரு வாக்கியம். மீதியெல்லாம் வாப்பா கழுதைக்குப் பிறந்தது பற்றி, அவரைப் பெற்றவளின் நடத்தை பற்றி. “அச்சா சார்” என்று கேட்டு முடித்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு, “வாய்தானே புள்ளே, கையா ஓங்குனான்?” என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். எனக்குப் பள்ளியில் இந்தி சொல்லித்தருகிறார்கள் என்பதை அவர் மறந்திருந்தார். உம்மாவுக்கு இந்தி தெரியாது. ஒருநாள் வாப்பா கேன் இறக்கப் போயிருந்தபோது, “அவன் என்னதான் சொல்றான்?” என்று கேட்டாள். அப்படியே சொன்னேன்.

அவர் திரும்பி வந்து வண்டியை எடுத்ததும் உம்மா, “லேட்டுன்னா லேட்டைச் சொல்லட்டும். எங்க மாமி இவனுக்கு என்ன பண்ணுச்சு?” என்றாள்.

“விசா அவன் கையில இருக்கு. புள்ள படிப்பு இருக்கு” என்றார் வாப்பா.

அடுத்த வெள்ளிக்கிழமை கிடங்கு வாசலில் பல கம்பெனிகளின் வண்டிகள் வரிசையில் நின்றன. டிரைவர்கள் நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். போன் ஒளிர்ந்தது. வாப்பா தன் கண்ணாடியை ஏற்றினார்.

“ஏத்து.”

“கை வலிக்குது” என்றாள் உம்மா.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் ஸ்பீக்கரை அழுத்தினார். குரல் உம்மாவின் ஜன்னல் வழியே வெளியே போனது. டீ குடித்தவர்கள் திரும்பினார்கள். ஒரு பட்டான் டிரைவர் கிட்டே வந்து குனிந்து, போனுக்கும் கேட்கும்படி, “யார் பாய் இது, உங்க மேனேஜரா?” என்று இந்தியில் விசாரித்தார். குரல் நின்றது. அப்புறம், “யார் அங்கே?” என்றது.

“எல்லாரும் இருக்காங்க சார்” என்றார் வாப்பா. குரல் உயரவில்லை. “வேலையைச் சொல்லுங்க, கேக்குறேன்.”

இணைப்பு துண்டானது.

அந்த வருடம் விசா புதுப்பிக்கும் வரை வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. சூட்கேஸ் கட்டிலடியிலிருந்து வெளியே வந்து, சுவரோரம் நின்றது. விசா வந்தது, மேனேஜர் அதன்பிறகு வேலையை மட்டும், சுருக்கமாகப் பேசினார். அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

இன்று அந்த பிக்கப் இல்லை, அந்தக் கம்பெனியும் இல்லை. கையால் சுற்றி ஏற்றும் கண்ணாடியை என் மகன் பார்த்ததே இல்லை. வாப்பா கீழக்கரைக்குத் திரும்பிவிட்டார். ஷார்ஜாவிலிருந்து நான் அழைத்தால் எடுக்க நேரமாகிறது. காது மந்தமாகிவிட்டதோ என்று உம்மாவிடம் கேட்டேன்.

“காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. போன் அடிச்சா எந்திரிச்சுப் போயி ஜன்னலைச் சாத்துறாரு. நம்ம புள்ளதாங்கன்னு சொன்னாலும், சாத்திட்டுத்தான் எடுக்குறாரு.”