"ம்" மட்டும் போதாது

என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது, "நடக்கும்போது பேச முடியணும். முடியலன்னா வேகம் அதிகம்னு அர்த்தம்" என்றார் டாக்டர்.

உப்பள வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். தலையில் உப்புக் கூடையோடு ஓடிப் பழகிய நான் முன்னால் போவேன். பேச்செல்லாம் என்னுடையதுதான், அவர் "ம்" போடுவார். ஒருநாள் "ம்" வரவில்லை. திரும்பினால், நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அப்பவே மூச்சு வாங்குச்சு. நீதான் பேசிட்டே போனியே" என்றார் ஆம்புலன்ஸில்.

இப்போது அவர் முன்னால், நான் வாய்மூடிப் பின்னால். தான் உப்பு வாரிய கதையைச் சொல்லிக்கொண்டே நடப்பார். குரல் திணறினால் நின்றுவிடுவோம். போன மாதம் ஏழாவது பாத்திவரை பேசினார். நேற்று மூன்றாவதிலேயே குரல் நின்றுவிட்டது. டாக்டரைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம்.