சித்தி வீட்டு வெப்கேம்

என்மேல் கோள்மூட்டிப் பட்டம் விழுந்தது ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில். மஞ்சக்குப்பத்தில் தனியாக இருந்த சித்திக்குத் துணையாகச் சிதம்பரத்திலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். சித்தப்பா துபாயில் இருந்தார். கல்யாணமாகி அவர் வீட்டுக்கு வாங்கிப் போட்ட ஒரே பெரிய பொருள் கம்ப்யூட்டர். அதன் தலையைக் கவ்விக்கொண்டு எலுமிச்சம்பழ அளவில் ஒரு வெப்கேம். வெள்ளிக்கிழமைதோறும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துதான் சித்தி அவரோடு பேசுவாள்.

மேசையை எங்கே போடுவது என்பதையும் சித்தப்பாவே முடிவு செய்திருந்தார்: வாசற்கதவும் அடுக்களையும் நேராகத் தெரியும் மூலையில். இன்னொரு விதியும் உண்டு. பேசி முடித்ததும் மானிட்டரை மட்டும்தான் அணைக்க வேண்டும். கீழே இருக்கும் பெட்டியை அடிக்கடி அணைத்தால் கெட்டுவிடுமாம். எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் மிஸ் சொல்லிக்கொடுத்தது இதற்கு நேரெதிர். ஆனால் மிஸ் துபாய்க்குப் போனதில்லை என்பதால் நான் சித்தப்பா பக்கம் நின்றேன்.

திங்கட்கிழமை செல்லில் கூப்பிட்ட சித்தப்பா, காலையில் வந்த ஆள் யாரென்று கேட்டார். கேஸ் சிலிண்டர் போட வந்தவர். புதன்கிழமை, பகல் முழுக்க ஏன் நைட்டியிலேயே இருந்தாய் என்றார். வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி நேரம் வீட்டில் இல்லையே, எங்கே போனாய் என்றார். டெய்லர் கடைக்கு என்று சொல்லிப் போனை வைத்த சித்தி, என் பக்கம் திரும்பினாள்.

“நீதான் போட்டுக் குடுக்குறியாடி?”

“நான் இல்ல சித்தி. சத்தியமா.”

“அப்ப யாரு, பூனையா போன் போட்டு சொல்லுது? ஞாயித்துக்கெழம உன்ன பஸ் ஏத்தி உட்டுடுறேன், போ.”

அவமானமாக இருந்தது. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சந்தேகத்துக்குரியவர்களை வரிசையாக எழுதினேன். மாடிவீட்டு அக்கா ஊருக்குப் போயிருந்தார், அவர் பெயரை அடித்துவிட்டேன். பால்காரருக்கு நைட்டி விஷயம் தெரியும், சித்தப்பாவின் நம்பர் தெரியாது. சிலிண்டர்காரர் தன்னைப் பற்றித் தானே சொல்லமாட்டார். மிச்சம் இருந்தது நான். சனிக்கிழமை காலை முழுக்க என்னையும் கவனித்துப் பார்த்தேன். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்தப் பச்சை விளக்கு கண்ணில் பட்டது. மானிட்டர் கறுப்பாக இருந்தது. வெப்கேமில் விளக்கு எரிந்தது. பேசும்போது மட்டுமே எரிகிற விளக்கு அது. சற்று நேரத்தில் அணைந்தது. அரை மணி கழித்து மறுபடி எரிந்தது.

இன்று கம்ப்யூட்டர்தான் எனக்குப் பிழைப்பு. யாரும் எடுக்காமலே அழைப்பைத் தானாக எடுத்து, கேமராவையும் திறந்துவிடும் வசதி ஒன்று உண்டு. ஓரிடத்தில் டிக் போட்டால் போதும். ஸ்பீக்கரையும் ஊமையாக்கிவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. அன்று இதெல்லாம் தெரியாது. சித்தியிடம் விளக்கைக் காட்டினேன்.

“கரண்டு இருந்தா எரியாதா? வேலயப் பாருடி.”

அவளுடைய பொட்டு அட்டையிலிருந்து பெரியதாக ஒன்றை உரித்து லென்ஸின்மேல் ஒட்டினேன், என்ன ஆகிறதென்று பார்க்க.

பத்து நிமிடத்தில் செல் அடித்தது. சித்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“கேமராவுக்கு என்னாச்சு? ஒண்ணுமே தெரியல?” என்றார் சித்தப்பா.

சித்தியின் கை நின்றது.

“இன்னிக்கு சனிக்கெழமங்க. இன்னிக்கு நாம கம்ப்யூட்டர்ல பேசவே இல்லயே.”

 லைன் சரியில்லை என்று சொல்லிச் சித்தப்பா வைத்துவிட்டார்.

சித்தி எழுந்து கம்ப்யூட்டர் மேசைக்குப் போய், அங்கிருந்து வாசற்கதவைப் பார்த்தாள். அடுக்களையைப் பார்த்தாள். யாரோ எதிரில் நிற்பதுபோல நைட்டியைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் குதித்துக்கொண்டிருந்தேன்.

“பாத்தியா? நான் இல்ல! நான் இல்ல!”

என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு அவள் அழுதாள். ஒரு சின்னப் பெண்மேல் வீண்பழி போட்டதற்கா இவ்வளவு அழுகை என்று எனக்கே சங்கடமாகிவிட்டது. பெரிய மனதோடு அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

“உடு சித்தி. நான் ஒண்ணும் கோவமா இல்ல.”