சுவரில் நின்ற சித்தி

அந்தப் புகைப்படத்தின் பின்புறம் அம்மாவின் கையெழுத்தில் "தங்கச்சி, எலெக்சன், 96 அக்டோபர்" என்று இருக்கிறது. நாள் குறிப்பிடவில்லை. எடுத்தது என் காலாண்டு விடுமுறையில் என்பதால் மாதத்தின் முதல் வாரமாக இருக்கவேண்டும். படத்தில் இரண்டு பெண்கள். ஒருவர் சுவரில் வரையப்பட்டவர், மற்றவர் அதன் அருகே நிற்பவர். இருவரும் என் சித்திதான் என்று சொன்னால் இதுவரை யாரும் நம்பியதில்லை.

அம்மாவின் தங்கையான சித்தி வாடிப்பட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தார். பத்தாம் வகுப்பு தேறியவர். சிறுவயதிலிருந்தே தடித்த மூக்குக்கண்ணாடி. கழற்றினால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு வந்தால் பொட்டலம் கட்டிவந்த காகிதத்தைக்கூட நீவிவிட்டுப் படிப்பார். அந்த ஆண்டு அவர்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. நெடுநாளாக அந்த நாற்காலிக்குக் காத்திருந்த சித்தப்பா, தனக்குப் பதிலாகச் சித்தியை நிறுத்தினார். சித்தியோ அதை நிஜமென்றே எடுத்துக்கொண்டார். விடுமுறைக்குப் போயிருந்த என்னிடம், ஜெயித்தால் கிழக்குத் தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி, பெண்களுக்குக் கழிப்பறை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஊர்ச் சுவர்கள் அதுவரை கண்ட பெண்கள் மூன்று வகை. கோயில் மதிலில் அம்மன், சினிமா போஸ்டரில் கதாநாயகி, குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்தில் இரண்டு பிள்ளைகளோடு சிரிக்கும் தாய். ஓட்டுக் கேட்கும் பெண்ணை யாரும் வரைந்ததில்லை. காளவாசலிலிருந்து வந்த பெயிண்டர் முதலில் அதைத்தான் கேட்டார்.

"சாமி மாதிரி வேணுமாண்ணே, சினிமா மாதிரி வேணுமா?"

சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து சித்தி, "என்னய மாதிரிப் போடுங்க தம்பி" என்றார்.

சித்தப்பா வெளியே போயிருந்த நேரத்தில் பெயிண்டர் சித்தியைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். மாநிறம், கொஞ்சம் எடுப்பான பல், கண்ணாடி. அச்சாக அப்படியே வந்திருந்தது. சாயங்காலம் திரும்பிய சித்தப்பாவின் முகம் சுருங்கியது.

"என்னப்பா, பரீட்சப் பேப்பர் திருத்துற டீச்சர் மாதிரி இருக்கு. பொம்பள மொகம்னா லட்சணமா இருக்க வேணாமா? கண்ணாடிய அழி."

கண்ணாடியை அழித்ததும் அந்த இடத்தில் மை தீட்டிய பெரிய கண்கள் வந்தன. கண்களுக்கு நிறம் ஒட்டவில்லை என்று முகத்தை ரோஜா வண்ணமாக்கினார்கள். பல் மறைந்தது. இரண்டு பக்கமும் மூக்குத்தி ஏறியது. பக்கத்தில் பூட்டுச் சாவிச் சின்னத்தையும் எழுதி முடித்தபோது அங்கே சித்தி இல்லை. இது யார் என்று சித்தி கேட்டார். நீதான் என்றார் சித்தப்பா.

பிரச்சாரத்தின் முதல் நாளே சிக்கல் வந்தது. செவுத்துல இருக்கிற ஆளு வேறயா என்று வாசல்தோறும் கேட்டார்கள். மத்தியானம் சாப்பிட வந்தபோது சித்தப்பா சித்தியின் முகத்திலிருந்த கண்ணாடியைத் தானே கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"படத்துக்கும் உனக்கும் ஒட்டவே இல்லன்னு ஊரே சிரிக்குது. ஓட்டு முடியட்டும், தாரேன்."

அன்றிலிருந்து சித்தியின் கையைப் பிடித்து நடப்பது என் வேலையானது. வாசலில் நிற்பவர் கிழவியா இளையவரா என்று நான் கிசுகிசுத்தால், அதற்குத் தக்கபடி சித்தி கும்பிடுவார். பல இடங்களில் கும்பிடு கதவுக்குப் போனது. படி தடுக்கிவிடுமோ என்று தரையையே பார்த்து நடந்தார். அதுவே நல்ல பேராக முடிந்தது. ஒரு வீட்டில் வயதான பெண் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்:

"எம்புட்டு அடக்கம் பாரு. கண்ணத் தூக்கிக்கூடப் பாக்கல. இந்தப் புள்ளைக்குத்தான் என் ஓட்டு."

சித்தி ஜெயித்தார். பதவியேற்பு நாளில் பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அம்மா என்னையும் கூட்டிப்போனார். போட்டோ எடுப்பார்கள் என்பதால் அன்றும் கண்ணாடி சித்தப்பாவின் பையில்தான் இருந்தது. அதிகாரி உறுதிமொழித் தாளை நீட்டினார். சித்தி அதை முகத்தருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி அருகே கொண்டுபோனார்.

"அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது சார்" என்றார் சித்தப்பா, சிரித்துக்கொண்டே. "நீங்க சொல்லுங்க, திருப்பிச் சொல்லிருவா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

சித்தி அவர் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்லப் போனவர், கூடியிருந்தவர்கள் பரிவோடு சிரித்ததைக் கேட்டு வாயை மூடிக்கொண்டார். அதிகாரி ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார். ஒரு சொல்கூடப் பிசகவில்லை என்று நான்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினேன். கண்ணாடியை நகை போல நெஞ்சோடு வைத்துக் காக்கும் சித்தப்பாவைப் பற்றி வகுப்பில் பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது.

பிற்பாடு நடந்ததை அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார் சித்தப்பா, வீட்டில் போட்டுக்கொள்ள மட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவள் திடீரென்று கண்ணாடி போட்டு வந்தால் ஆபீஸில் கேட்கமாட்டார்களா என்பது அவர் நியாயம். கூட்டங்களில் தலைவர் நாற்காலியில் சித்தப்பா உட்கார்ந்தார். காட்டிய இடத்தில் சித்தி கையெழுத்துப் போட்டார்.

அடுத்த தேர்தல்களையும் கவனித்துவந்தேன். 2001இல் வரைந்த முகத்துக்குப் பதில் போஸ்டர் வந்தது. வேட்பாளரைவிட அவர் கணவரின் படம் பெரிது. 2006இல் ஃப்ளெக்ஸ் வந்தது. பெண்ணின் முகத்தைக் கம்ப்யூட்டரிலேயே வெளுத்திருந்தார்கள்.

தலைவராக இருந்த ஐந்தாண்டுகளில் கையெழுத்திட்ட தாள்களில் ஒன்றையாவது சித்தி படித்துப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருமுறை அவரிடமே கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று எழுந்து போய்விட்டார். எனவே உறுதி செய்யப்படாதது என்றே இதை இங்கு பதிகிறேன்.