வெள்ளைக் கொடி ஏறிய நாளில் காலியான கட்டில்

எங்கள் ஹிதாகா கரையில் விடியும்போது கம்பத்தில் வெள்ளைக் கொடி ஏறினால்தான் படகுகள் கோம்பு என்கிற சமையல் கடற்பாசியை எடுக்கப் போகும். பகல் முழுக்க வெயில் நிற்கும் என்று தோன்றினால்தான் கொடிக்காரர் ஏற்றுவார். எடுத்த பாசி அன்றைக்கே காய வேண்டும். ஈரத்தோடு இரவு தங்கினால் வெளுத்துப் பிசுபிசுத்துப்போகும். ஆண்கள் எடுத்து வருவார்கள். ஆள் உயரத்தைத் தாண்டும் அந்தப் பழுப்பு இலைகளைக் கூழாங்கல் களத்தில் ஒவ்வொன்றாக விரிப்பது பெண்கள் வேலை. கொடி ஏறிய நாளில் பக்கத்து வீட்டை உதவிக்குக் கூப்பிட முடியாது. எல்லோர் களமும் நிறைந்திருக்கும்.

தொகியேவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கணவர் இவாவோவுக்கு வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்து மூன்று வருஷம். நான் அந்த வீட்டுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போய்வந்தேன். நான் போகும் நேரத்தில் மட்டும் அவள் உட்காருவாள், உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள்.

ஆகஸ்டில், பல நாள் கவிந்து கிடந்த மூடுபனி விலகிய காலையில், முதியோர் இல்லத்தில் ஒரு கட்டில் காலியானதாகத் தகவல் வந்தது. மதியத்துக்குள் போகாவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். கொடியும் அன்றுதான் ஏறியிருந்தது. நானும் தொகியேவும் இவாவோவைக் குளிப்பாட்டி முடிக்கும்போது அவள் கொழுந்தன் தெத்சுவோ படகு நிறையப் பாசியோடு கரையேறினார்.

"அண்ணி, இன்னைக்குத்தான் போகணுமா?"

"நாளைக்குக் கட்டில் இருக்காது."

"இதை யாரு விரிக்கிறது? கடற்காக்காவா வந்து விரிக்கும்?"

தொகியே என் பக்கம் திரும்பினாள். "முதுகு போச்சு ஃபுமியே. இன்னொரு குளிர்காலம் இவரைத் தூக்க என்னால ஆகாது."

"அப்ப வண்டில ஏறு," என்றேன். இருவருமாக இவாவோவை ஏற்றினோம், அவளும் ஏறினாள். தெத்சுவோ கத்தியது வளைவு வரை கேட்டது.

இல்லத்தில் படுக்கவைத்ததும் இவாவோ கேட்டார்: "பாசி விரிச்சாச்சா?"

"விரிச்சாச்சு. நல்லாக் காயுது."

வலது கையால் அவள் கையை இழுத்து மோந்தார். "பொய் சொல்லாத. சோப்பு வாசனை அடிக்குது. பாசி தொட்ட கையா இது?"

அவள் கையை இழுத்துக்கொண்டு அவர் போர்வையைச் சரிசெய்தாள்.

"தெத்சுவோ கத்தியிருப்பானே."

"கத்தினாரு."

"அவன் அம்மா வயித்துலயே கத்தினவன். விடு. வீட்டுக்குப் போயி என்ன பண்ணப் போற?"

"தூங்கணும்."

"இங்கயே தூங்கு. நாற்காலி இருக்குல்ல."

அவர் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் பையில் போன் அடித்தது, தெத்சுவோதான். அணைத்துவிட்டு, அவள் கழுத்துக்கு ஒரு தலையணை வைத்தேன்.